இரவல் தகப்பன்

முப்பத்தெட்டாவது கொண்டை ஊசி வளைவில் ஜீனத் பீவி அதே கேள்வியை மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"ஏனுங்க, அவளப் பாத்ததும் நான் என்னன்னு கூப்புடறது?"

"கூப்புடவே வேண்டாம். பாத்துட்டு வா."

"பெத்தவ பாத்துட்டு வரோணுமா? இதென்ன பொருட்காட்சியா?"

முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பாஸ் அலி தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"மெதுவாப் பேசு. பஸ்ஸு இது."

"ஒன்றரை வருசமா மெதுவாத்தான் பேசறேன். ஊட்டுலயும் மெதுவா, கடைத்தெருவுலயும் மெதுவா. எனக்குத் தொண்டையே போச்சு."

சேந்தமங்கலம் கடைத்தெருவில் மிளகு என்றால் அப்பாஸ் அலி. அவர் தரம் சொன்ன சரக்கை இன்னொருவர் கையில் அள்ளிப் பார்ப்பதில்லை. அறுபத்திரண்டு வயதுவரை அவர் குடும்பத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசும்படி அவர் வைத்துக்கொண்டதும் இல்லை. அப்படிப்பட்டவருடைய கடைசி மகள் நசீபா மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட உடுப்பில், ஊர் உலகத்தின் எல்லாக் கூடங்களிலும் வந்து பாடி ஆடிக்கொண்டிருக்கிறாள். அதுவும் வேறு பெயரில்.

தொடர்ந்து படித்து வருபவர்களுக்கு இது தெரியும். இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி.

இரண்டாயிரத்து இரண்டாம் வருடம் ஆடி மாதம், ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தார் ஜனங்களின் ஓட்டு வாங்கி ஐந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து ஒரு பாட்டுக் குழு அமைக்கப் போவதாக அறிவித்தார்கள். விண்ணப்பம் போட்டவள் விஜயா. கொல்லிமலையில் வாழவந்தி நாட்டைச் சேர்ந்த சின்னானின் மகள். நசீபாவும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. துணைக்குத்தான் நசீபா சேலத்துக்குப் போனாள். வரிசையில் நின்ற விஜயாவுக்கு முறை வந்ததும் கைகால் நடுங்கி நாக்கு ஒட்டிக்கொண்டது. அவள் நெஞ்சில் குத்தியிருந்த எண் சீட்டைக் கழற்றித் தன் நெஞ்சில் குத்திக்கொண்டு நசீபா உள்ளே போனாள், பாடினாள், விஜயாவாக வெளியே வந்தாள்.

ஐந்து பேரில் ஒருத்தியாகத் தேறிய பிறகுதான் விஷயம் வீட்டுக்கு வந்தது. மூன்று நாள் அன்னம் தண்ணீர் தொடாமல் கிடந்த மகளுக்கு முன்னால் அப்பாஸ் அலி ஒரே ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

"என் பேரு வெளிய வரக்கூடாது. விஜயாவாவே இரு. சின்னான் மகளாவே இரு."

மலைக்குப் போய்ச் சின்னானிடமும் கேட்டார். இருபத்தைந்து வருடமாக மிளகு கொடுக்கும் சின்னான், ராவுத்தர் வாய் திறந்து கேட்ட ஒன்றுக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் தலையாட்டினார். வீட்டு மானம் வீட்டுக்குள்ளேயே பத்திரமாக இருந்துவிட்டதாக அப்பாஸ் அலி அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

சேந்தமங்கலத்தில் இது தெரியாதவர் யாருமில்லை. கேட்டவர்தான் ஒருவருமில்லை. மகள் சென்னையில் கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்று அவர் சொல்வார். அதைக் காதில் வாங்கிக்கொள்பவர்களும், கம்ப்யூட்டருக்கு இப்போது நல்ல காலம் என்று சொல்லிவிட்டு, அவர் தலை மறைந்ததும் டிவியைப் போடுவார்கள். மரியாதை என்பது சில ஊர்களில் இப்படித்தான் நடக்கிறது.

'தேனீக்கள்' என்று பெயர் வைத்த அந்தக் குழுவின் முதல் கேசட் டீக்கடை டீக்கடையாகப் பாடியது. ஜவுளிக்கடை திறப்பு, கல்லூரி விழா, பொருட்காட்சி என்று ஐந்து பேரும் ஊர் ஊராகப் போனார்கள். இரண்டாவது கேசட்டை வாங்க ஆளில்லை. ஒருத்தி கல்யாணமாகித் திருப்பூர் போனாள். இன்னொருத்தி சீரியலில் மருமகளாக நடிக்கப் போனாள். மிச்சம் மூன்று பேர். இப்போது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பத்து மேடை கிடைத்திருக்கிறது. அது நடந்தால் மூன்றாவது கேசட். நடக்காவிட்டால் தேனீக்கள் கூட்டைக் கலைத்துவிட வேண்டியதுதான்.

ஆறிப்போனதைச் சூடேற்ற, தேனீ தன் வீட்டுக்குத் திரும்புவதைப் படம் பிடிக்கிறோம் என்று ஒரு படையே இன்றைக்கு மலை ஏறியிருக்கிறது. வீடு என்றால் சின்னான் வீடு.

நாலு மாதமாக மகளைப் பார்க்காத ஜீனத் பீவி, அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்து போராடியதன் விளைவு, இந்த பஸ் பயணம்.

*

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சின்னான் வீட்டு வாசலில் ஒரு வழக்கே நடந்துகொண்டிருந்தது.

"இதான் வீடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் சிவபிரகாஷ். நிகழ்ச்சித் தயாரிப்பாளர். கறுப்புக் கண்ணாடியைக் கண்ணில் போடாமல் தலையில் போட்டிருந்தார்.

"ஆமாங்க. போன வருசந்தான் ஓடு மாத்துனமுங்க," என்றார் சின்னான் பெருமையாக. அவர் மனைவி பழனியம்மாள் இரண்டு நாளாகச் சுண்ணாம்பு அடித்து, தரையைத் தேய்த்துக் கழுவி, மகளுடைய பள்ளிக்கூடச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். சட்டையில் கஞ்சி மொடமொடக்க அவரும் தயாராக நின்றார்.

"குடிசை மாதிரி ஏதாவது இருக்குங்களா?"

"குடிசையா? கொட்டாய் இருக்குதுங்க. மாட்டுக்கு."

"அதான் வேணும்!"

"அதுல மாடே மழைக்கு மட்டுந்தான் ஒதுங்குமுங்க."

"பரவால்ல. நீங்க உள்ள போயி கீத்துல சாஞ்சு உக்காருங்க. அந்தச் சட்டையைக் கழட்டிடுங்க."

பழனியம்மாள் சுண்ணாம்புக் கறை படிந்த தன் கையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மாட்டைப் பிடித்துக்கட்டப் போனாள்.

வேனுக்குள்ளிருந்து நசீபா இறங்கினாள். கிழிந்த பாவாடை தாவணி. கன்னத்தில் இரண்டு தீற்றல் மண். ஜீனத் பீவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நின்றாள். கூப்பிடக்கூடாது என்பது ஞாபகம் இருந்தது. கேட்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

"மூஞ்சில என்னடி அது?"

"மண்ணும்மா. மேக்கப் மண்ணு," என்றாள் நசீபா உதடு அசையாமல்.

"மண்ணுலயும் மேக்கப் மண்ணு வந்துருச்சா? எத்தன நாளாச்சு சாப்பிட்டு? கழுத்தெலும்பு தெரியுது."

"அம்மா, போங்கம்மா. பாக்கறாங்க."

சிவபிரகாஷ் திரும்பினார். "யாரும்மா இவங்க?"

"பக்கத்து ஊட்டுக்காரங்க," என்றாள் நசீபா.

பெற்று வளர்த்த தாய் பக்கத்து வீட்டுக்காரியாகி ஓரமாக நின்றாள். அப்பாஸ் அலிக்குப் பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் தாமேதான் என்பதால் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது என்றும் தெரியவில்லை.

"பெரியவர் யாரு?"

"மிளகு வியாபாரி," என்றார் அப்பாஸ் அலி.

சிவபிரகாஷின் முகம் மலர்ந்தது. "அட, பிரமாதம்! ஆளும் அப்படியே இருக்கீங்க. இங்க வாங்க. இந்த நாற்காலில உக்காருங்க. விஜயாவோட அப்பா மூட்டையத் தூக்கிட்டு வந்து உங்க காலடில வைப்பார். நீங்க ஒரு விரல ஆட்டி, எடுத்துட்டுப் போன்னு ஒரு பார்வை பாக்கணும். முகத்த மாத்தவே வேணாம். இப்ப எப்படி இருக்கீங்களோ அப்படியே இருங்க."

சட்டை கழற்றிய சின்னான் மூட்டையோடு வந்தார். குனியும்போது முனகினார்.

"ராவுத்தரே, இருபத்தஞ்சு வருசத்துல என்னிக்காச்சும் உங்க காலடில மூட்டை வெச்சிருக்கனா?"

"பேசாம வைப்பா."

"ஊட்டுக்குள்ள வந்து பாயில உக்காந்து காப்பி குடிச்சுட்டுத்தான மிளகப் பத்திப் பேசுவீங்க? இத நாலு பேரு பாத்தா உங்களையில்ல பாவின்னு சொல்லுவாங்க?"

"வைன்னு சொல்றனில்ல!"

"அருமை!" என்று கத்தினார் சிவபிரகாஷ். "அந்தக் கோவம்! அதே மாதிரி இன்னொரு தடவை!"

நாலு தடவை எடுத்தார்கள். நாலு தடவையும் நசீபா கொட்டகை வாசலில் சாய்ந்து நின்று, "அப்பா, விடுங்கப்பா, நான் பாடி உங்கள நல்லா வெச்சுக்கறேன்" என்று கண்ணைத் துடைத்தாள். அப்பாஸ் அலியை அவள் 'அத்தா' என்றுதான் கூப்பிடுவாள். 'அப்பா' என்பது வேறு யாரோ என்று முதல் தடவை தேற்றிக்கொண்டார். நாலாவது தடவை அந்தத் தேறுதல் பலிக்கவில்லை.

அப்போதுதான் ஒரு பெண் சொம்பில் தண்ணீரோடு வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தாள். காமிராவின் குறுக்கே.

"யாருங்க அது? ஓரமா நிக்கச் சொல்லுங்க. யாரு இந்தப் பொண்ணு?"

"தங்கச்சி மவங்க," என்றார் சின்னான், தரையைப் பார்த்தபடி.

"பேரு என்னம்மா?"

விஷயம் தெரிந்த ஐந்து பேரும் மூச்சை அடக்கினார்கள். அந்தப் பெண் சொம்பைக் கீழே வைத்தாள். நசீபாவின் கன்னத்து மண்ணை ஒரு கணம் பார்த்தாள்.

"பேரு இல்லீங்க," என்றாள் விஜயா. உள்ளே போய்விட்டாள்.

*

பழனியம்மாள் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் சிவபிரகாஷ் ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துச் சின்னானிடம் நீட்டினார்.

"இதுல மூணு எடத்துல கையெழுத்து. ஒப்பந்தம் ஒண்ணு. பாஸ்போர்ட் விண்ணப்பம் ஒண்ணு. ரேஷன் கார்டு வேணும். கல்யாணமாகாத பொண்ணுங்கறதால அப்பா சம்மதம் இல்லாம கம்பெனில ஒத்துக்க மாட்டாங்க."

சின்னான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். எழுத்துக்கூட்டி மெள்ள முழுவதையும் படித்தார். படித்ததை நாலாக மடித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"போட மாட்டேனுங்க."

"என்னது?"

"கையெழுத்து. போட மாட்டேனுங்க."

"அய்யா, மத்த ரெண்டு பொண்ணுங்களோட அப்பாவும் போட்டுட்டாங்க."

"அவங்க அவங்க மவளுக்குப் போட்டிருக்காங்க. நல்லதுங்க."

"அஞ்சு மணிக்கு வேன் கெளம்புது. இது இல்லாம போனா ரெண்டு பேர வெச்சு நான் என்ன குழு நடத்தறது? இன்னியோட தேனீக்கள் முடிஞ்சுதுன்னு எழுதிக்க வேண்டியதுதான்."

நசீபா ஓடிவந்து சின்னானின் கையைப் பிடித்தாள். காமிரா அணைந்திருந்தது. நடிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் பழக்கத்தில் வாய் அதைத்தான் சொன்னது.

"அப்பா, போடுங்கப்பா. எனக்கு வேற ஒண்ணுந் தெரியாதுப்பா. பாடத்தான் தெரியும்."

"கண்ணு, நீ அக்கட்டால தள்ளிப் போ சாமி."

சிவபிரகாஷ் தலையில் இருந்த கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்பாஸ் அலியிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"முதலாளி, இவரு நீங்க சொன்னா கேப்பாரு. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு வாழ்க்கைங்க."

தன் மகளின் வாழ்க்கையைப் பற்றித் தன்னிடமே சிபாரிசு கேட்டு நிற்கும் ஒருவனை என்ன செய்வது? அப்பாஸ் அலி எழுந்து, சின்னானைத் தோளில் தட்டி, வீட்டுப் பின்புறம் மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கிடையே கூட்டிக்கொண்டு போனார்.

"ஏனப்பா, என்ன புதுசா?"

"புதுசா ஒண்ணுமில்லீங்க."

"சிங்கப்பூர் போனா என்ன கெட்டுப்போச்சு? பத்து நாளு. கூட ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. பொம்பளத் துணை ஒருத்தரு வர்றாங்களாம். இந்தக் காலத்துல பொண்ணுங்க போகாத ஊரா? அவளுக்கு இருக்கற தொண்டை யாருக்கு இருக்குது? அத மூடி வெச்சுப் பெட்டில போட்டுப் பூட்டச் சொல்றியா?"

"நல்லாச் சொல்லுங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஜீனத் பீவி. "இன்னொருக்காச் சொல்லுங்க. ஒன்றரை வருசமா இதத்தான நான் உங்ககிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தேன்? உங்க வாயில கேக்க நல்லா இருக்குது."

"நீ சும்மா இரு!"

"சும்மாத்தான் இருக்கேன். பக்கத்து ஊட்டுக்காரி."

சின்னானுக்குச் சிரிப்பு வரவில்லை. மரத்தில் பிடித்திருந்த பாசியை நகத்தால் சுரண்டினார்.

"ராவுத்தரே, விஜயாவுக்குத் தேவனூர் நாட்டுல எடம் பேசியிருந்தது உங்களுக்குத் தெரியுமுங்களே?"

"தெரியும். செங்கோடன் பையன். பரிசம் எப்பன்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்?"

"வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. கார்த்திகையிலயே."

"ஏன்?"

"அவங்களுக்கு நம்ம விஜயா யாரு, டிவில வர்றது யாருன்னு நல்லாத் தெரியுமுங்க. ஆனா அவங்க ஒறம்பரை, சொந்தஞ் சனமெல்லாம் ஆத்தூரு, ராசிபுரம், துறையூருன்னு கெடக்குது. பத்திரிகை வெச்சா என்ன போடோணும்? வாழவந்தி நாடு சின்னான் மகள் விஜயா. பாக்கறவனெல்லாம், ஓ, அந்த டிவில அரைக்கால் சட்டை போட்டு ஆடுற புள்ளையாங்கறான். கேக்கறவனுக்கெல்லாம் எங்களால விளக்கம் சொல்ல ஆகாது, எங்க பையனுக்கு வேற பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க."

அப்பாஸ் அலி கொடியில் ஒரு மிளகுச் சரத்தைப் பிடித்துத் திருப்பினார்.

"அதுவும் போகட்டும்னு இருந்தேன். இப்ப பாஸ்போட்டுங்கறாங்க. ரேசன் காடுங்கறாங்க. டிவில சொன்னது காத்துல போயிரும். இது கெவுருமெண்டுக் காயிதம். அதுல எம் மவ பேரும் உங்க மவ மூஞ்சியும் ஏறிருச்சுன்னா, எம் மவளுக்கு இந்த ஒலகத்துல என்னங்க மிச்சம்?"

"இத ஏன் என்கிட்ட முன்னாலயே சொல்லல?"

"நீங்க கேட்டீங்க. நான் சரின்னு சொன்னேன். சொல்லிப்போட்டுப் பின்னால வந்து குத்தம் சொல்ல முடியுங்களா?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். தன் வீட்டு மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைக்கிற மனிதர், அந்த மானத்துக்காக எந்த வீட்டுக் கூரையைப் பிடுங்கினோம் என்று ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்க வேண்டும். ஒன்றரை வருடத்தில், மாதம் இரண்டு தடவை மலை ஏறியும், அப்பாஸ் அலி பார்க்கவில்லை. பார்க்கவில்லையே என்ற எரிச்சல் இப்போது உச்சந்தலைவரை ஏறியது.

"நானே டிவில சொல்லிடறேன்," என்றார். "இப்பவே. அந்தக் காமிராவ ஓட்டச் சொல்லு. அப்பாஸ் அலி மக நசீபா. தீந்துது."

"வேண்டாங்க."

விஜயா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"டிவில சொன்னீங்கன்னா, ஓட்டுப் போட்ட ஊரே ஏமாத்திட்டாங்கன்னு சொல்லும். நசீபா பாட்டு அதோட போயிரும். எனக்கு அவ பாட்டு போகோணும்னு இல்லீங்க. அன்னிக்கு அவ போயிப் பாடலைன்னா நான் அந்த வரிசையிலயே மயங்கி விழுந்திருப்பேன்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

"தேவனூருக்கு வாங்க. பெரியவங்க முன்னால உங்க வாயால சொல்லுங்க. அவங்க ஒறம்பரை கேட்டா, அந்தப் புள்ளையோட அப்பனே வந்து சொல்லிட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்ல அவங்களுக்கு ஒண்ணு வேணுமுங்க. அது போதும், அப்பறம் காயிதத்துல என்ன இருந்தா என்னங்க, அப்பா கையெழுத்துப் போட்டுருவாரு."

"உனக்கு அந்தப் பையனப் புடிச்சிருக்கா?"

இதைக் கேட்டவள் ஜீனத் பீவி. விஜயா மிளகுக்கொடியின் இலை ஒன்றைக் கிள்ளி மடித்தாள். ஜீனத் பீவிக்கு அது போதுமாக இருந்தது.

"கெளம்புங்க," என்றாள் கணவரிடம்.

"நசீபாவுக்கு இது..."

"தெரியாதுங்க," என்றாள் விஜயா. "சொல்லாதீங்க. மேடையில ஞாபகம் வந்தா சுருதி போயிரும் அவளுக்கு."

டிவிக்குச் சொல்வது எளிது. கண்ணாடிப் பெட்டிக்குள் முகத்தைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். பத்துப் பேர் முகத்துக்கு எதிரே போய் நிற்பது அப்படியா? இதுவரை அவர் யார் வாசலிலும் தப்பென்று சொல்லி நின்றதில்லை. அப்பாஸ் அலி சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார்.

சின்னானின் டி.வி.எஸ். வண்டியில் பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்பாஸ் அலி போவதைப் பார்த்துச் சிவபிரகாஷ் வாசலில் இருந்து கத்தினார்.

"அய்யா! கையெழுத்து! எங்க போறாங்க ரெண்டு பேரும்?"

"சரியான கையைத் தேடிக்கிட்டுப் போறாங்க," என்றாள் ஜீனத் பீவி. "நீங்க அந்தக் கொட்டாய இன்னும் நாலு படம் எடுங்க."

*

தேவனூரில் பலாமரத்தடியில் எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். செங்கோடன் வயதில் அப்பாஸ் அலியைவிடச் சிறியவர். ஆனால் எழுந்திருக்கவில்லை.

வேறு நாளாக இருந்தால் அப்பாஸ் அலி அதைக் கவனித்திருப்பார். கவனித்து, வண்டியைத் திருப்பச் சொல்லியிருப்பார்.

"உக்காரச் சொல்ற வரைக்கும் நிக்கோணுங்க," என்று சின்னான் காதில் சொன்னார். "இங்க அப்படித்தான்."

நின்றார். சொன்னார். சுருக்கமாக, சரக்குக்குத் தரம் சொல்வதைப்போல.

"டிவில விஜயான்னு வர்ற பொண்ணு என் மக. பேரு நசீபா. சின்னான் மக விஜயா ஒரு நாளும் எந்த மேடையிலயும் ஏறினதில்ல. இந்தப் பேர மாத்தாம வெச்சது பொண்ணுங்க இல்ல. நான். என் பேரு வெளிய வரக்கூடாதுன்னு சின்னான் பேர வாங்கிக்கிட்டேன். அவரு ஒரு வார்த்தை பேசல."

யாரோ இருமினார்கள். செங்கோடன் காலுக்கடியில் இருந்த சருகை எடுத்து உதறினார்.

"சரிங்க. ஒண்ணு கேக்கறேன். தப்புன்னு சொல்லி வந்து நிக்கறீங்க. எது தப்பு? உங்க மவ ஆடுனது தப்புங்களா? அந்தப் புள்ள பேர எடுத்தது தப்புங்களா? ஆடுனது தப்புன்னா, அது உங்க ஊட்டுச் சமாச்சாரம். எங்க வாசல்ல என்ன வேல?"

ஒன்றரை வருடம் அப்பாஸ் அலி வெட்கப்பட்டது எதற்காக? மகள் ஆடியதற்காகத்தானே? அதைத் தப்பென்று சொல்லிவிட்டால் இவர்கள் தலையாட்டுவார்கள். சேந்தமங்கலமும் தலையாட்டும். பழக்கமான வார்த்தை, நாக்கு நுனியிலேயே இருந்தது.

"ஆடுனதுல ஒரு தப்பும் இல்லீங்க," என்றார். தம்முடைய குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. "என் மக நல்லாப் பாடுவா. அது தப்பில்ல. அவள என் மகளுன்னு சொல்லாம இருந்தேனே, அது தப்பு. அதுக்கு இன்னொருத்தர் மக பேர எடுத்தது அதவிடத் தப்பு. ரெண்டும் என்னோடது."

சின்னான் மூக்கை உறிஞ்சினார்.

செங்கோடன் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். ஒருவர் தலையசைத்தார். இன்னொருவர் அசைக்கவில்லை. நேரம் மூன்றரை ஆகியிருந்தது.

"நீங்க சொன்னத நாங்க நம்பறோம். ஆனா எங்க ஒறம்பரை, கெழவன் சொல்லிட்டுப் போனான்னு சொல்லும். நாளைக்குக் காலைல நாங்க வேற எடத்துல பொண்ணு கேக்கப் போறம்னு ஏற்கெனவே சொல்லியாச்சு. அத நிறுத்தோணும்னா..." செங்கோடன் சருகைக் கீழே போட்டார். "இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள உங்க மவளக் கூட்டிக்கிட்டு வாங்க. அந்த மேக்கப்பெல்லாம் இல்லாம. ரெண்டு பொண்ணும் இங்க பக்கத்துல பக்கத்துல நிக்கட்டும். ஊரு கண்ணால பாக்கட்டும். அவளே அவ பேரச் சொல்லட்டும்."

"போயிக் கூட்டியாறதுக்குள்ளயே அஞ்சாயிருமுங்க, அஞ்சு மணிக்கு அவ வண்டி கெளம்புதுங்க," என்றார் சின்னான் பதறிப்போய். "அந்த வண்டில போகலைன்னா அவளுக்கு..."

"அது எங்களுக்குத் தெரியாதுங்க."

எல்லோரும் அப்பாஸ் அலியைப் பார்த்தார்கள்.

அவர் வீட்டில் யார் எங்கே போக வேண்டும், யார் எப்போது வர வேண்டும் என்று நாற்பது வருடமாக அவர்தான் சொல்லி வந்திருக்கிறார். சொன்னால் நடக்கும் என்பது அவருக்கு வீட்டுக் கதவையும் சுவரையும்போல உறுதி. அந்தக் கதவைத் தாண்டித்தான் ஒருத்தி சேலத்துக்குப் போய், வேறொருத்தியின் எண் சீட்டைக் குத்திக்கொண்டு பாடினாள். ஒரு பக்கம் பத்து மேடை; இன்னொரு பக்கம் பலாமரத்தடியில் பத்துப் பேர். இதில் எதை அவள் எடுப்பாள் என்று அவளைப் பெற்றவருக்குத் தெரியவில்லை.

"வருவாளுங்க," என்றார் அப்பாஸ் அலி.

வண்டியை நோக்கி நடந்தபோதுதான், இதுவரை தாம் கொடுத்த வார்த்தைகளில் தம் கையில் இல்லாத ஒன்றுக்காகக் கொடுத்தது இதுதான் முதல் தடவை என்பது அவருக்கு உறைத்தது.